தடுப்பூசிப் பெட்டிக்குக் காவல் நிற்கும் செல்போன்: நெக்ஸ்லீஃப் நிறுவனமும் நமதூர்ப் பிள்ளைகளும்

புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையானாலும் சரி, குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கத்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சரி, அன்று காலையில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வருமா, வந்தால் எந்த மருந்து கொடுப்பது, போட்ட இடம் வீங்கினால் ஒத்தடம் கொடுக்கலாமா என்று செவிலியரிடம் நிறையக் கேட்பார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை: இந்த மருந்துக் குப்பி போன வாரம் முழுக்க எந்தக் குளிரில் இருந்தது?

அந்தக் கேள்வியையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு லாபநோக்கமற்ற நிறுவனம் பற்றியும், அது நம் வீட்டுப் பிள்ளைகளோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்பது பற்றியும் இங்கே பார்ப்போம். நிறுவனத்தின் பெயர் நெக்ஸ்லீஃப் அனலிட்டிக்ஸ். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2009-ல் நித்யா ராமநாதன், மார்ட்டின் லூகாக் ஆகிய இருவரும் சேர்ந்து தொடங்கியது. செல்போனையும் விலை குறைந்த உணர்கருவிகளையும் இணைத்து, ஏழை நாடுகளின் மருத்துவமனைகளிலும் அடுப்படிகளிலும் என்ன நடக்கிறது என்று அளந்து சொல்வது அதன் பணி.

முதலில் மருந்தின் கதை.

தடுப்பூசி மருந்து தயாரிக்கும் ஆலையிலிருந்து பிள்ளையின் தொடைக்கு வரும்வரை அது குளிரிலேயே பயணம் செய்ய வேண்டும். ஆலையிலிருந்து அரசுக் கிடங்கு, அங்கிருந்து மாநில, மண்டலக் கிடங்கு, பிறகு மாவட்டம், பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டி, கடைசியில் செவிலியர் தோளில் மாட்டிச் செல்லும் ஐஸ் பெட்டி. இதைக் குளிர்பதனச் சங்கிலி என்கிறார்கள். சங்கிலி என்ற பெயர் பொருத்தமானது. எந்த ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றக் கண்ணிகளின் உழைப்பு வீண். இந்தியாவில் இப்படி மருந்து தங்கிச் செல்லும் இடங்கள் மட்டும் சுமார் 29,000 இருக்கின்றன.

பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு வேண்டிய வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். சூடு பட்டால் மருந்து கெடும் என்பது நமக்குத் தெரியும். போலியோ சொட்டு மருந்துதான் சூட்டுக்கு மிகவும் பலவீனமானது. அதனால்தான் பெரிய கிடங்குகளில் அதை உறைநிலைக்குக் கீழே வைக்கிறார்கள். ஆனால் அதிகக் குளிரும் மருந்தைக் கெடுக்கும் என்பது படித்தவர்களுக்கே புதிதாக இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி (பென்டாவேலன்ட்), பிறந்தவுடன் போடும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடும் டிடி ஆகியவற்றில் அலுமினிய உப்பு கலந்திருக்கும். இவை ஒருமுறை உறைந்தால் அந்த உப்பு திரிதிரியாகக் கட்டிப் போகும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. குப்பியை வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது.

அப்படிப்பட்ட மருந்தைப் போட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிக்கலே அதுதான். ஊசி போட்டாயிற்று, பிள்ளை அழுதாயிற்று, அட்டையில் தேதியும் எழுதியாயிற்று. ஆனால் உடம்புக்குள் பாதுகாப்பு உண்டாகியிருக்காது. தொண்டை அடைப்பானோ கக்குவான் இருமலோ வரும் நாளில்தான் அது தெரியவரும்.

இதைத் தடுக்க என்ன ஏற்பாடு இருந்தது? குளிர்பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர், பக்கத்தில் ஒரு தாள். காலையும் மாலையும் செவிலியரோ மருந்தாளுநரோ பார்த்து எழுத வேண்டும். இது நல்ல ஏற்பாடுதான், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் இரண்டு நிமிடம்தான் அந்தப் பெட்டியை யாரோ பார்க்கிறார்கள். மீதி நேரத்தை, முக்கியமாக இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும், யார் பார்ப்பது? 2012-ல் தென்மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலத்தை நமதூர் விசைத்தறிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தறி நின்ற அதே நேரத்தில் மருந்துப் பெட்டியும் நின்றிருக்கும். சுவர்களுக்குள் பனிக்கட்டி அடுக்கு வைத்துச் செய்த அரசு குளிர்பெட்டிகள் நாளுக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே தாங்கிக்கொள்ளும். எல்லா இடத்திலும் எல்லாப் பெட்டியும் பழுதில்லாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

நெக்ஸ்லீஃப் செய்த கருவியின் பெயர் கோல்ட்டிரேஸ். அது ஒன்றும் விண்வெளித் தொழில்நுட்பம் இல்லை. பெட்டிக்குள் வெப்பநிலையை உணரும் ஒரு சிறு முனை, அதிலிருந்து ஒரு மெல்லிய வயர், வெளியே செல்போன் போலவே சிம் கார்டு போட்ட ஒரு கருவி. அவ்வளவுதான். இரவும் பகலும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் வருகிறதா போகிறதா என்பதையும் குறிக்கும். வெப்பநிலை எல்லையைத் தாண்டினால் பொறுப்பான செவிலியரின் கைப்பேசிக்கு எஸ்எம்எஸ் போகும். மொத்தத் தகவலும் இணையத்தில் சேர்ந்து, எந்த மாவட்டத்தில் எந்தப் பெட்டி அடிக்கடி படுத்துக்கொள்கிறது என்பதை மேலதிகாரிகள் பார்க்கலாம். கென்யா, மொசாம்பிக், தான்சானியா, செனகல் எனப் பல நாடுகளின் சுகாதாரத் துறைகளோடு சேர்ந்து இதை நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள்.

இதில் நமக்கு முக்கியமாகப் படுவது கருவி அல்ல. தகவல் யார் கைக்குப் போகிறது என்பது. எஸ்எம்எஸ் முதலில் போவது அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே இருக்கும் ஊழியருக்கு. அவர் உடனே மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றலாம், ஜெனரேட்டரைப் போடச் சொல்லலாம், பக்கத்து நிலையத்துக்கு அனுப்பலாம். தலைநகரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தகவல் போகும் ஏற்பாடாக இருந்தால், ஒரு வாரம் கழித்து விளக்கம் கேட்டுக் கடிதம்தான் வரும், மருந்து பிழைக்காது. ஒரே பெட்டி திரும்பத் திரும்பப் பழுதாவது மாதக் கணக்கில் பதிவாகியிருந்தால் “செவிலியர் சரியாகக் கவனிக்கவில்லை” என்று அவர் தலையில் பழி போட முடியாது. பெட்டிதான் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று அவரே கேட்கலாம்.

அடுப்படியில் தொடங்கிய ஆராய்ச்சி

நெக்ஸ்லீஃபின் தொடக்கம் தடுப்பூசியில் இல்லை, அடுப்புப் புகையில் இருக்கிறது. அதில் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு. நித்யாவின் தந்தை வீரபத்ரன் ராமநாதன் தமிழகத்தில் பிறந்து, 1965-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பின்னாளில் உலகறிந்த காலநிலை விஞ்ஞானி ஆனவர். ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் பயன்பட்ட குளோரோ ஃப்ளோரோ கார்பன் வாயு கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று 1975-ல் கண்டு சொன்னவர் அவர்தான். தென்னாசிய வானத்தில் படர்ந்து கிடக்கும் பழுப்பு நிறப் புகைமண்டலத்தையும் அவர் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள். அந்தப் புகையில் ஒரு பங்கு ஏழை வீடுகளின் விறகு அடுப்பிலிருந்து போவது. இதற்காக உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் சூர்யா என்ற திட்டத்தை அவர் தொடங்கினார்.

அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். கரும்புகையை அளக்கும் ஆய்வகக் கருவிகள் விலை அதிகம், ஒவ்வொரு அடுப்படியிலும் வைக்க முடியாது. தீர்வாக வந்தது செல்போன் கேமரா. ஒரு சின்ன பம்பு அடுப்படிக் காற்றை வெள்ளை வடிதாள் வழியாக இழுக்கும். கரி படியப் படியத் தாள் சாம்பல் நிறமாகி, கறுத்துக்கொண்டே போகும். அந்தத் தாளை நிற அட்டை ஒன்றின் பக்கத்தில் வைத்து செல்போனில் படம் எடுத்து அனுப்பினால், எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று கணினி கணக்கிட்டுச் சொல்லும். 2011-ல் இந்த முறையை ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

அடுத்து ஸ்டோவ்டிரேஸ். அடுப்பில் ஒரு வெப்ப உணரியைப் பொருத்தி, புகையில்லா அடுப்பை அந்த வீட்டுப் பெண் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார் என்று செல்போன் வழியாகத் தெரிந்துகொள்வது. ஒடிசாவில் 4,038 குடும்பங்களை உட்படுத்தி 17 மாதம் நடந்த ஆய்வில், இந்தக் கணக்கை வைத்து, குறைந்த புகைக்கு ஈடாகப் பெண்களுக்கே பணம் கொடுத்துப் பார்த்தார்கள். கார்பன் வியாபாரத்தில் பெரிய கம்பெனிகளுக்குப் போகும் காசு, விறகு ஊதி இருமும் பெண்ணின் கைக்கு வந்தால் என்ன என்பதுதான் யோசனை. நல்ல யோசனை என்றே நமக்குப் படுகிறது. கூடவே ஒரு தயக்கமும் உண்டு. ஒரு வீட்டில் எப்போது உலை வைக்கிறார்கள், எப்போது அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தின் அந்தரங்கம். ரமலான் மாதத்தில் சஹர் நேரத்து அடுப்பைக்கூட அது பதிவு செய்யும். மருந்துப் பெட்டியைக் கண்காணிப்பதும் மனிதர் வீட்டைக் கண்காணிப்பதும் ஒன்றல்ல. தரவு யாருக்குச் சொந்தம், யார் பார்க்கலாம் என்று அந்த வீட்டுப் பெண்ணிடமே கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே இதில் இறங்க வேண்டும்.

ஆனால் அந்த அடுப்புக் கணக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. இலவசமாகவோ கடனிலோ நல்ல அடுப்பைக் கொடுத்துவிட்டு, எத்தனை அடுப்பு கொடுத்தோம் என்று எண்ணுவதுதான் திட்டங்களின் வழக்கம். கொடுத்த அடுப்பு எரிகிறதா என்று யாரும் எண்ணுவதில்லை. உணரி மௌனமாகிவிட்ட வீட்டுக்குப் போய் விசாரித்தால், அந்தப் பெண்ணின் அறியாமை காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடுப்பில் ஏதோ பாகம் கெட்டிருக்கும், சரிசெய்ய ஆள் இருக்காது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் சிலிண்டர் வாங்கிய ஏழைக் குடும்பங்கள் பல, அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாமல் மறுபடி விறகுக்கே திரும்பியதும் இதே கதைதான்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது

இந்தியாவில் இதே வழியில் நடக்கும் பெரிய ஏற்பாட்டின் பெயர் இவின். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மத்திய சுகாதார அமைச்சகம் 2015-ல் சில மாநிலங்களில் தொடங்கி, இப்போது நாடு முழுக்க நடத்துகிறது. மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பானவர் கையில் ஒரு ஸ்மார்ட்போன். எத்தனை குப்பி வந்தது, எத்தனை போனது என்று அதில் ஏற்றிவிடுவார். பெட்டிக்குள் சிம் கார்டு கருவி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, மணிக்கு ஒருமுறை மையக் கணினிக்கு அனுப்பும். எல்லை தாண்டினால் பொறுப்பாளருக்கும் தொழில்நுட்ப ஊழியருக்கும் எஸ்எம்எஸ். கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16-ல் தொடங்கியபோது கோவின் என்ற பதிவு முறையும் இந்த இவின் அடித்தளத்தின் மேல்தான் கட்டப்பட்டது. நம்மில் பலர் கோவினில் சான்றிதழ் எடுத்து வளைகுடாவுக்கு விமானம் ஏறியிருக்கிறோம்.

இங்கே நம் சமுதாயத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தைப் பேசாமல் போக முடியாது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். அப்போது வாட்ஸ்அப்பில் என்னவெல்லாம் சுற்றியது என்பது ஞாபகம் இருக்கும். ஊசி போட்டால் பிள்ளை பெற முடியாமல் போகும், வெளிநாட்டுச் சதி, இன்ன ஊரில் இன்ன பள்ளியில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள் என்று ஒன்றை மிஞ்சி ஒன்று வந்தது. பல பெற்றோர் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

பயந்த பெற்றோரை நாம் குறை சொல்லப் போவதில்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் வந்த பயம் அது. ஆனால் அந்த ஃபார்வர்டுகளில் ஒன்றாவது “மருந்து சரியான குளிரில் இருந்ததா என்று கேளுங்கள்” என்று சொன்னதா? இல்லாத ஆபத்துக்கு ஆயிரம் ஃபார்வர்டு, இருக்கிற கவலைக்கு ஒன்றுகூட இல்லை. அதன் விலையையும் நம் சமுதாயம் கொடுத்திருக்கிறது. பக்கத்துக் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2015, 2016 ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் நோயில் மாணவர்கள் இறந்தார்கள். ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்த நோய் அது, தடுப்பூசி போடாத பிள்ளைகள் மத்தியில் திரும்பி வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வடநாட்டில் போலியோ சொட்டு மருந்து பற்றி இதே போன்ற வதந்தி பரவியபோது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்களே அறிவிப்புச் செய்தார்கள். அலிகர், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகங்களின் ஆட்கள் தெருத்தெருவாகப் போய்ப் பேசினார்கள். 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதுதான் நாட்டின் கடைசிப் போலியோ. 2014 மார்ச் 27-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அங்கே மக்களை மாற்றியது எந்தக் கருவியும் அல்ல, நம்பிக்கைக்குரிய ஒருவர் நேரில் வந்து சொன்ன சொல். பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு மருந்தைக் காக்கும். மருந்தின் மேல் நம்பிக்கை வைக்க வைப்பது ஜமாஅத் நிர்வாகிகளும் உஸ்தாதுகளும் செய்ய வேண்டிய வேலை. “மருந்து நல்ல நிலையில்தான் இருக்கிறது, நாங்களும் விசாரித்தோம்” என்று ஜமாஅத் சொல்லும்போது அந்தப் பேச்சுக்குக் கனம் கூடும். அப்படி விசாரிக்கத் தடையேதும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெப்பநிலைத் தாள் பெட்டியின் பக்கத்திலேயே தொங்கும்.

குடும்பத்தினர் தாங்களே பார்க்கக்கூடிய அடையாளமும் ஒன்று உண்டு. பெரும்பாலான அரசுத் தடுப்பூசிக் குப்பிகளின் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்தைப் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்துக்குச் சமமாகவோ அதைவிடக் கறுப்பாகவோ மாறியிருந்தால் அது அதிகச் சூடு பட்ட மருந்து, போடக் கூடாது. செவிலியரிடம் மரியாதையாகக் கேட்டால் காட்டுவார், அவர்களுக்கும் இது பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் இந்த அடையாளம் சூட்டை மட்டுமே காட்டும், மருந்து உறைந்ததைக் காட்டாது. அதனால்தான் பெட்டிக்குள் எந்நேரமும் கண் வைத்திருக்கும் கருவி தேவைப்படுகிறது.

தனியார் மருத்துவமனையில் போடுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மருந்துக் கடையில் தடுப்பூசி வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, பைக்கில் வெயிலில் டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. கடைக்காரரிடம் சிறு ஐஸ் பெட்டியில் தரச் சொல்லுங்கள். குப்பி ஐஸ் கட்டியில் நேரடியாகப் படாமல் ஒரு துணியோ அட்டையோ இடையில் இருக்கட்டும். டாக்டர் வைத்திருப்பது வீட்டு ஃபிரிட்ஜ்தான் என்றால் அதற்குள் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. சாதாரண ஃபிரிட்ஜில் ஃபிரீசரை ஒட்டிய தட்டில் வைத்த மருந்து உறைந்து போக வாய்ப்பு அதிகம்.

இன்சுலினுக்கும் இதே கணக்குதான். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகவே தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். பயன்படுத்தத் தொடங்கிய பேனாவை வெயில் படாத அறையில் வெளியிலேயே வைக்கலாம், ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும், கம்பெனிக்குக் கம்பெனி நாள் மாறும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நமதூர் வீடுகளின் உள்ளறையே 30 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்த மாதங்களில் ஈர மண்ணில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் மூடி வைப்பது கரண்ட் இல்லாத வீட்டுக்கும் கைகொடுக்கும்.

துபாய், சவூதி போகிறவர்கள் இன்சுலினை லக்கேஜில் போடாமல் கைப்பையிலேயே, டாக்டர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். விமானத்தின் அடித்தளத்தில் அது உறைந்துவிடக்கூடும். ஹஜ் செல்வோருக்குக் கட்டாயமான மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்துதான். அரசு முகாமில் போட்டால் அவர்கள் ஏற்பாட்டிலேயே குளிர் காக்கப்படும். வெளியில் தனியாக வாங்கிப் போடுகிறவர்கள் கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் வாங்கி, அன்றே போட்டுக்கொள்வது நல்லது.